பெட்டி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ''எங்கள் ஊரில் மேட்டில் நின்றால் டவர் கிடைக்கும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். 12 பேர் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் பதித்து, ஊர் நடுவில் ஒரே ஒரு பெட்டியை வைத்தால் போதும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பெட்டியே கணக்குப் போட்டு மோட்டாரை ஓட்டும், நிறுத்தும் என்கிறார் ஒரு விற்பனையாளர். மோட்டாரை ஒரு பெட்டியின் கையில் கொடுக்கலாமா?''

– ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் வட்டார உழவர் குழு.

பதில்: கொடுக்கலாம். ஆனால், வாங்கிய அன்றே கொடுக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்த ஆளிடம் முதல் நாளே வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை அல்லவா? அதே நிதானம் இதற்கும் வேண்டும்.

விற்பனையாளர் சொல்லும் முறைக்கு 'எட்ஜ் கம்ப்யூட்டிங்' என்று பெயர். தமிழில் 'விளிம்புக் கணிமை' என்கிறார்கள். வழக்கமான முறையில், தோட்டத்தில் உள்ள சென்சார் அனுப்பும் எண், டவர் வழியாக எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போகும். முடிவு அங்கே எடுக்கப்பட்டு, 'ஓட்டு', 'நிறுத்து' என்ற கட்டளை திரும்பி வரும். மலையில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். 'ஓட்டு' என்ற கட்டளை வந்து சேர்ந்து, 'நிறுத்து' என்ற கட்டளை வராமல் போனால் கிணறு வற்றும்வரை மோட்டார் ஓடும். அதனால், முடிவை ஊரிலேயே எடுக்கும் பெட்டி மலைக்கு ஏற்றதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நகரத்துக் கணினியைக் கண்காணிக்க ஆட்கள் இருப்பார்கள். ஊர்ப் பெட்டியைக் கண்காணிக்க யாரும் இல்லை. ஒரு சென்சார் பொய் சொன்னால், பெட்டி அதை நம்பினால், அடுத்த நிமிடம் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே, எந்தச் சென்சாரை எந்த அளவுக்கு நம்புவது என்று பெட்டிக்கே தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் தொழில்நுட்பத்தில் 'நம்பக மேலாண்மை' என்கிறார்கள். ஈரம் அளப்பதைவிட இதுதான் முக்கியமான வேலை.

சென்சார் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. மலைத் தோட்டங்களில் கல்லும் சரளையும் கலந்த மண் அதிகம். சென்சார் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே சிறு இடைவெளி விழுந்தால், அது காற்றை அளந்துவிட்டு 'காய்ந்து கிடக்கிறது' என்று சொல்லும். பேட்டரி இறங்கினால் தவறான எண்ணை அனுப்பலாம். மலிவான மின்தடை வகை சென்சார், உரம் கரைந்த நீரில் இருக்கும் உப்பால் ஏமாந்து, ஈரத்தைக் கூட்டிச் சொல்லும். எலி வயரைக் கடிக்கும், காட்டுப்பன்றி சென்சாரையே பிடுங்கிப் போடும். இவை எதுவும் பெட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வந்து சேரும் எண் மட்டும்தான்.

அதனால், நல்ல பெட்டி ஒரே சாட்சியை நம்பாது. மூன்று கேள்வி கேட்கும். 'இந்த எண் நடக்கக்கூடியதா?' என்பது முதல் கேள்வி. பாசனமும் இல்லை, மழையும் இல்லை, ஆனால் 10 நிமிடத்தில் ஈரம் இரு மடங்கானது என்றால் நம்பக் கூடாது. 'பக்கத்துச் சென்சார் என்ன சொல்கிறது?' என்பது இரண்டாவது. 'மோட்டார் என்ன சொல்கிறது?' என்பது மூன்றாவது. தண்ணீர் ஏறும்போது மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ் ஒரு அளவில் இருக்கும். தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றினால் அது குறைந்துவிடும். சென்சார் 'காய்ந்திருக்கிறது, ஓட்டு' என்று எவ்வளவு கத்தினாலும், ஆம்ப்ஸ் விழுந்துவிட்டால் பெட்டி மோட்டாரை நிறுத்தியாக வேண்டும். இந்த ஒரு விதி சரியாக வேலை செய்தாலே காயில் எரிவதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

பெட்டி ஒவ்வொரு சென்சாருக்கும் மதிப்பெண் போடும் முறையும் உண்டு. இந்தத் துறையில் பரவலாக உள்ள ஓர் எளிய கணக்கு இது: சென்சார் சரியாகச் சொன்ன தடவைகளோடு 1 கூட்ட வேண்டும். மொத்தத் தடவைகளோடு 2 கூட்ட வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். புதிய சென்சார் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அதன் மதிப்பெண் 1/2, அதாவது 0.5. பாதி நம்பிக்கை. ஒரே ஒரு முறை சொல்லி அது சரியாக இருந்தால் 2/3, அதாவது 0.67. 100 முறையில் 90 முறை சரியாகச் சொன்ன பழைய சென்சாருக்கு 91/102, அதாவது 0.89. ஒரு முறை சரியாகச் சொன்னதை வைத்து யாருக்கும் முழு நம்பிக்கை கிடைப்பதில்லை.

கைமாற்றுக் கொடுக்கும்போது ஊரில் நடப்பதும் இதுதான். முதலில் சிறு தொகை. சொன்ன நாளில் திரும்பி வந்தால் அடுத்த முறை கொஞ்சம் கூடுதல். ஒரு முறை ஏமாற்றினால் பத்து முறை கொடுத்த பெயரும் போய்விடும். பெட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும். மதிப்பெண் மெதுவாக ஏற வேண்டும், தவறு செய்தால் வேகமாக இறங்க வேண்டும். போன வருடம் நன்றாக உழைத்ததை வைத்து இன்று தப்பிக்க விடக் கூடாது. பால் சங்கத்தில் 20 வருடமாக ஊற்றுகிறவரின் பாலையும் தினமும் சோதித்துத்தானே வாங்குகிறார்கள்? அது அவமரியாதை இல்லை, முறை.

இன்னொன்றையும் குழு யோசிக்க வேண்டும். மானாவாரிச் சாமைக்கு இந்தப் பெட்டியால் பெரிய வேலை இல்லை. அங்கே ஒரு மழைமானியே போதும். கிணற்றுப் பாசனத்தில் காய்கறி, வாழை, பூ வைத்திருப்பவர்களுக்குத்தான் இதில் பலன். 12 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே தேவை என்று முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: ''எங்கள் குழுவில் ஒருவர் தோட்டத்துச் சென்சார் கெட்டுப்போனால், அது மற்றவர்கள் தோட்டத்தையும் கெடுக்குமா?''

– புதூர் நாடு வாசகர்.

பதில்: பெட்டி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரே மாதிரி மண் உள்ள ஐந்து சென்சார்கள் 22, 24, 23, 21, 2 என்று ஈரப்பதம் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது கெட்டுவிட்டது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மோட்டார் ஓட வேண்டும் என்பது விதி. ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 18.4 வரும். மோட்டார் ஓடும். தேவையே இல்லாத நேரத்தில் ஐந்து தோட்டத்துக்கும் தண்ணீர் பாயும். அதே எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 22 வரும். மோட்டார் ஓடாது. கெட்ட சென்சார் ஒன்றால் நடு எண்ணை அவ்வளவாக அசைக்க முடியாது. 'சராசரியா, நடு எண்ணா?' என்று விற்பனையாளரிடம் கேட்டாலே, அவருக்குத் தம் பெட்டியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும்.

ஆனால், கூட்டத்தோடு ஒத்துப்போகாத எண்ணைக் குப்பையில் போடவும் கூடாது. இதற்குப் பாடம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10-ம் தேதி, ஒரு மீட்டர் தொலைநோக்கியில் யுரேனஸ் கோளுக்கு அருகே தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராத விதமாகச் சில விநாடி மங்கியது பதிவானது. கருவிக் கோளாறு என்று அதை ஒதுக்கிவிடவில்லை. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவும், ஆஸ்திரேலியாவின் பெர்த், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரங்களில் இருந்தவர்களும் ஒளி மங்கியதைப் பதிவு செய்திருந்தார்கள். எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது.

தோட்டத்துக்கும் இதே வழிதான். ஒரு சென்சார் மட்டும் வேறு மாதிரி சொன்னால், அது கெட்டிருக்கலாம். அந்த இடத்தில் குழாய் உடைந்து தண்ணீர் தேங்கியிருக்கவும் செய்யலாம். அதனால், பெட்டி அந்த எண்ணை வைத்து மோட்டாரை ஓட்டக் கூடாது, மறைக்கவும் கூடாது. 'இந்தச் சென்சாரைப் போய்ப் பாருங்கள்' என்று சொல்ல வேண்டும். தோட்டத்துக்காரர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்திப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

சரிவின் மேல் பகுதித் தோட்டம் சீக்கிரம் காயும், பள்ளத்துத் தோட்டம் ஈரமாகவே இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் நல்ல சென்சாரே பொய்யன் ஆகிவிடும். ஆகவே, ஒப்பிட வேண்டிய சென்சார்களை மண், சரிவு, பயிர் பார்த்து இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் விற்பனையாளர் இல்லை, அந்த மண்ணைத் தெரிந்த விவசாயிதான்.

கேள்வி: ''வெளியாள் யாராவது உள்ளே புகுந்து எங்கள் மோட்டாரை ஓட்டிவிட முடியுமா? எங்கோ மலையில் இருக்கும் மோட்டாரை யார் தேடி வரப்போகிறார்கள்?''

– ஆலங்காயம் வாசகர்.

பதில்: தேடி வருகிறவர் ஊரைப் பார்த்து வருவதில்லை. திறந்து கிடக்கும் கதவைப் பார்த்து வருகிறார். 2016-ல் 'மிராய்' என்ற கெடுநிரல் உலகம் முழுவதும் இணையத்தோடு இணைந்திருந்த கேமராக்கள், ரவுட்டர்கள் போன்றவற்றுக்குள் புகுந்தது. அது பயன்படுத்தியது பெரிய வித்தை எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய, யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளை ஒன்றாகத் திருப்பிவிட்டதில், அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்கும் கிடைக்காமல் தடைபட்டன.

மோட்டார் தொடர்பான நிகழ்வும் உண்டு. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர் வாரியத்தில், நீர் அழுத்தத்தைக் கூட்டும் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டுக் கருவியை வெளியாட்கள் பிடித்துவிட்டார்கள். பலவீனமான பாஸ்வேர்டும், கருவியை நேரடியாக இணையத்தில் திறந்து வைத்ததுமே இத்தகைய தாக்குதல்களுக்கு வழிவிட்டன என்பது அந்நாட்டு சைபர் பாதுகாப்பு முகமையின் கணிப்பு. ஊழியர்கள் உடனே அந்தக் கருவியைத் துண்டித்துவிட்டுக் கையால் இயக்கத் தொடங்கினார்கள். குடிநீர் விநியோகம் நிற்கவில்லை. கையால் இயக்கும் வழி இருந்ததுதான் ஊரைக் காப்பாற்றியது.

மலையில் இதைவிடச் சாதாரணமான வழியிலேயே ஆபத்து வரலாம். செல்போன் மூலம் இயங்கும் ஸ்டார்ட்டர்களில் பல, பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். அதோடு மோட்டாரின் சாவியும் சேர்ந்து போகும். எண் மாறினால், குழுவிலிருந்து ஒருவர் விலகினால், பொருத்த வந்த டெக்னீஷியன் வேலையை முடித்துவிட்டுப் போனால், அன்றே ஸ்டார்ட்டரில் இருந்து அந்த எண்ணை நீக்கிவிட வேண்டும்.

சென்சாருக்கும் பெட்டிக்கும் நடுவே நடக்கும் பேச்சிலும் பூட்டு வேண்டும். இத்தகைய அமைப்புகளில் 'லோரா' என்ற குறைந்த மின்சார வானலை முறை அதிகம் பயன்படுகிறது. இந்தியாவில் இந்த வகைக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. வெளிநாட்டுக்கென்று செய்த 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை விலை குறைவு என்று வாங்கக் கூடாது. முறையான 'லோராவான்' அமைப்பில் ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண்ணும் தனி ரகசியச் சாவியும் உண்டு. அதனால், ஒரே ஆள் பத்துப் பெயரில் கள்ள ஓட்டுப் போடுவதுபோல, ஒரு போலிக் கருவி பத்துச் சென்சாராக வேஷம் போட முடியாது. ஒவ்வொரு செய்தியும் வரிசை எண்ணோடு வரும். நேற்றைய செய்தியைப் பதிவு செய்து இன்று திரும்ப அனுப்பினாலும், 'இந்த எண் ஏற்கெனவே வந்துவிட்டது' என்று பெட்டி தள்ளிவிடும். எல்லாச் சென்சாருக்கும் ஒரே சாவி போட்டுக் கொடுக்கும் விற்பனையாளர் இந்தப் பாதுகாப்பையே கெடுத்துவிடுகிறார். ஒரு சென்சார் திருடுபோனாலும் 12 தோட்டத்தின் பூட்டும் திறந்ததற்குச் சமம்.

இணையக் கருவிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பாஸ்வேர்டு இருக்கக் கூடாது என்பது, மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021-ல் வெளியிட்ட நடைமுறை வழிகாட்டியின் முதல் விதி. பெட்டி வந்த அன்றே பாஸ்வேர்டை மாற்றி, அதை ஒரு நோட்டில் எழுதி, குழுவில் இருவரின் பொறுப்பில் வைக்கலாம். இணையம் வழியாகப் பணமோசடி நடந்தால் உடனடியாக அழைக்க வேண்டிய எண் 1930.

கேள்வி: ''எங்கள் தோட்டத்துக் கணக்கெல்லாம் அந்த நிறுவனத்திடம் போய்விடுமே, நாளை நிறுவனம் மூடிவிட்டால் என்ன ஆகும்?''

– போளூர் வாசகர்.

பதில்: பலரும் கேட்கத் தவறும் கேள்வி இது. சென்சாரை நம்பலாமா என்று பார்ப்பதைப்போலவே, விற்கிறவரை நம்பலாமா என்றும் பார்க்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு தண்ணீர், எந்தக் கிணறு எப்போது வற்றுகிறது என்பதெல்லாம் ஒருவருடைய வருமானத்தையும் கஷ்டத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரங்கள். வியாபாரிக்கோ, கடன் கொடுக்கிறவருக்கோ அவை பயன்படும். நாட்டில் 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரத்தைப் பயன்படுத்த அவருடைய ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. ஒப்பந்தத் தாளில் கைநாட்டோ கையெழுத்தோ வைப்பதற்கு முன், 'விவரம் யாருக்கெல்லாம் போகும்?' என்று தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளும் உரிமையைக் குழு விட்டுவிடக் கூடாது.

ஊரிலேயே முடிவெடுக்கும் பெட்டியில் இங்கே ஒரு நன்மை இருக்கிறது. கணக்கு ஊரிலேயே நடப்பதால், விவரமும் ஊரிலேயே தங்க முடியும். நகரத்துக்கு அனுப்புவது கட்டாயம் இல்லை. ஆனால், சில பெட்டிகள் மாதச் சந்தா கட்டாவிட்டால் வேலையை நிறுத்திவிடும். சந்தா நின்றாலும், நிறுவனமே இல்லாமல் போனாலும் பெட்டி தொடர்ந்து ஓடுமா, ஆறு மாதக் கணக்கைப் பென் டிரைவில் எடுக்க முடியுமா என்று விற்பனையாளரைச் செய்து காட்டச் சொல்லலாம். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, 'இப்போது ஓட்டிக் காட்டுங்கள்' என்றால் போதும். பெட்டியின் உண்மையான திறமை அப்போது தெரியும்.

கேள்வி: ''சரி, வாங்கிவிட்டோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?''

– ஜமுனாமரத்தூர் வட்டார உழவர் குழு.

பதில்: மூன்று படியாக ஏறலாம்.

முதல் படி, சொல்லட்டும், செய்ய வேண்டாம். ஒரு பயிர்க்காலம் முழுவதும் பெட்டி 'தண்ணீர் பாய்ச்சலாம்', 'வேண்டாம்' என்று சொல்வதோடு நிற்க வேண்டும். மோட்டாரை விவசாயியே ஓட்டுவார். ஒரு நோட்டில் இரண்டு கோடு போட்டு, பெட்டி சொன்னது ஒரு பக்கம், மண்ணைத் தொட்டுப் பார்த்தது மறுபக்கம் என்று எழுதி வர வேண்டும். எந்தச் சென்சார் நம்பத் தகுந்தது என்பதைப் பயிர்க்காலம் முடியும்போது அந்த நோட்டே சொல்லிவிடும்.

இரண்டாவது படி, நிறுத்தும் உரிமை. கிணற்றில் நீர் இறங்கினால், ஆம்ப்ஸ் விழுந்தால், மின்சாரத்தில் ஒரு முனை போனால், பெட்டி மோட்டாரை நிறுத்தலாம். இதில் பெட்டி தவறு செய்தால் நஷ்டம் ஒரு வேளைத் தண்ணீர்தான். செடி வாடுவதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவது படி, ஓட்டும் உரிமை. இதில் தவறு நடந்தால் காயில் எரியும், கிணறு காலியாகும். எனவே, நோட்டில் நல்ல பெயர் வாங்கிய சென்சார்கள் உள்ள தோட்டத்துக்கு மட்டும், பகல் நேரத்தில் மட்டும், ஒரு தடவைக்கு இத்தனை நிமிடம்தான் என்ற வரம்போடு கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் பெட்டி செய்ய வேண்டியது ஒன்றுதான்: மோட்டாரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது.

மூன்று படியிலும் மாறாத விதி ஒன்று உண்டு. பேனல் போர்டில் ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் இருக்க வேண்டும். அதை மேனுவலுக்குத் திருப்பினால், பெட்டி என்ன சொன்னாலும் மோட்டார் கேட்கக் கூடாது. அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை:

* ஒவ்வொரு சென்சாருக்கும் தனிச் சாவி உண்டா? பாஸ்வேர்டை விவசாயியே மாற்ற முடியுமா?
* சென்சார் மௌனமாகிவிட்டால் பெட்டி என்ன செய்யும்? (மோட்டாரை நிறுத்தும் என்பதே சரியான பதில்.)
* கெட்ட சென்சாரை எப்படிக் கண்டுபிடிக்கும்? யாருக்குச் சொல்லும்?
* பெட்டியின் மென்பொருளை யார், எப்போது புதுப்பிப்பார்கள்? அது நிறுவனத்தின் அசல் மென்பொருள்தான் என்று பெட்டி சரிபார்க்குமா?
* இணையமும் சந்தாவும் இல்லாமல் எவ்வளவு நாள் ஓடும்?
* பெட்டி பழுதானால் மலைக்கு ஏறி வர யார் இருக்கிறார்கள்? எத்தனை நாளில்?

செல்போனில் இயங்கும் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்குகிறது. சிறு, குறு, பழங்குடியின, பெண் விவசாயிகளுக்குக் கூடுதல் சலுகை உண்டு. இப்போதைய தொகையையும் ஒதுக்கீட்டையும் அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். விவசாயிகளுக்கான கட்டணமில்லா அழைப்பு மையம்: 1800-180-1551. மானியம் கிடைக்கிறது என்பதற்காக மூன்றாவது படியில் நேரே கால் வைக்க வேண்டாம். ஒரு பயிர்க்காலம் பொறுத்தால், எந்தப் பெட்டியை எவ்வளவு நம்பலாம் என்பதைக் குழுவின் நோட்டே எழுதிக் காட்டிவிடும்.